அதிகாரிக்கு ஒரு லைஃப் ஜாக்கெட்

மழைக்காலம் வந்தால் வெள்ளம் வரும். வெள்ளத்துக்கு முன்னால் அரசாங்கத்தின் ஒத்திகை வரும். மீட்புத் துறையின் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் அக்காவுக்கு (எல்லாருக்குமே அவள் அக்காதான்) ஒத்திகை என்றாலே வயிறு எரியும். எரியாமல் என்ன செய்யும்? கண்ணாடி பீரோவில் பூட்டிவைத்த நல்ல லைஃப் ஜாக்கெட்டுகள் அன்றைக்கு மட்டும் வெளியே வரும். மேலிடத்து ஆட்கள் கைதட்டிவிட்டுப் போனதும் மறுபடி பீரோவுக்குள் போய்விடும். நிஜ வெள்ளத்தில் இறங்குகிறவனுக்கு மூலையில் குவித்த மட்டரகம்தான்.

போன வருஷம் அதில் ஒன்றைப் போட்டுக்கொண்டுதான் அவள் கூடப்பிறந்த தம்பி மீட்புப் படகில் போனான். படகு கவிழ்ந்தது. ஜாக்கெட்டுக்குள் திணித்திருந்த பஞ்சு தண்ணீரைக் குடித்துக் கல்லாய்க் கனத்து அவனை அடிக்கு இழுத்துக்கொண்டது. அந்த மட்டரகத்தை வாங்க வைத்த அதிகாரி விசாரணையில் நாக்கூசாமல் சொன்னார்: "ஜாக்கெட்ல ஒரு குறையும் இல்ல. அந்த ஆள் வாரை சரியா கட்டல."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வாய்! தம்பிக்கு வாரை இழுத்துக் கட்டிவிட்டதே அக்காதான். சொல்லிப் பார்த்தாள். "பாவம், பாசத்துல பேசுது," என்று முடித்துவிட்டார்கள்.

இந்த வருஷம் கேமராக்காரர்கள் வருகிறார்கள் என்றதும் அதிகாரிக்கு ஆசை வந்துவிட்டது. தானே குளத்தில் குதித்துக் காட்டப் போகிறாராம். அக்கா மூலைக் குவியலிலிருந்து ஒன்றை எடுத்து, தூசி தட்டி, பீரோவில் மாட்டிவைத்தாள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். அந்தத் தைரியத்தில்தானே வாங்கினார்கள்!

"கையைத் தூக்குங்க சார்." குளக்கரையில் ஒவ்வொரு வாராக இறுக்கி முடிச்சுப் போட்டாள். "சரியா கட்டியிருக்கேனா? எல்லாரும் பாக்கறாங்க, சொல்லிடுங்க."

"பிரமாதம்மா! மூச்சே விட முடியல," என்று கேமராவைப் பார்த்துச் சிரித்தார்.

குதித்தார். முதலில் மிதந்தார், கையைக்கூட ஆட்டினார். பிறகு தாடை நனைந்தது. வாய் நனைந்தது. நடிக்கிறார் என்று நினைத்துக் கூட்டம் இன்னும் பலமாகக் கைதட்டியது.

மீட்புக் கயிறு அக்காவின் கையில் இருந்தது. பொய் சொல்வானேன், தொலையட்டும் சனியன் என்றுதான் அவள் மனசு சொன்னது. இன்னொரு வாய் குடிக்கட்டும். என் தம்பி குடித்ததில் கால்வாசியாவது குடிக்கட்டும். ஆனால் செத்தவன் வாய் திறப்பானா? அவளுக்கு அந்த வாய் வேண்டியிருந்தது.

கயிற்றை வீசினாள்.

கரையில் கிடந்து இருமினார் அதிகாரி. ஜாக்கெட்டிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. அவிழ்க்கப் பார்த்தார்; முடிச்சு அசையவில்லை. கேமராக்கள் சூழ்ந்துகொண்டன. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, எல்லார் காதிலும் விழும்படி கேட்டாள்.

"என்ன சார், வாரை சரியா கட்டலியா?"