தவிட்டக்காவின் காலி மூட்டைகள்

டாக்டரம்மா தோள்வரை பிளாஸ்டிக் உறை மாட்டிய கையை மாட்டின் பின்பக்கம் விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். கம்பிக்கூண்டுக்குள் நின்ற மாடு தனக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாததுபோல அசைபோட்டது. முதலாளி, மேஸ்திரி, தவிட்டக்கா மூன்று பேரும் டாக்டரம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கொட்டகையின் மறுகோடியில் தவிட்டக்காவின் மகள் சாணி வழித்துக்கொண்டிருந்தாள். தகரம் தரையில் உரசும் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது.

"இதுவும் இல்ல," என்று டாக்டரம்மா கையை உருவினார். "சினை நிக்கல."

"எத்தனை தடவைதாம்மா சினை ஊசி போடறது?" முதலாளி எகிறினார். "ஒண்ணு ரெண்டு நிக்கலன்னா பரவால்ல, வரிசையா ஒண்ணுகூட நிக்கலன்னா? கன்னு போடலன்னா பால் எங்கேருந்து வரும்?"

பண்ணையில் எது கெட்டாலும் கடைசியில் யார் தலையில் வந்து விடியும் என்பது தவிட்டக்காவுக்கு அத்துப்படி. மக்காச்சோள நொய், தவிடு, புண்ணாக்கு எல்லாம் கலந்து தொட்டி தொட்டியாகத் தீவனம் போடுகிறவள் அவள். எப்போதும் தலையிலும் புருவத்திலும் தவிடு அப்பிக் கிடப்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பண்ணைக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஓர் அறையில் அவளும் மகளும் இருந்தார்கள். மருமகன் லாரியில் போனால் எப்போது வருவான் என்று லாரிக்கே தெரியாது.

டாக்டரம்மா மாட்டின் வாலடியைக் கட்டைவிரலால் அழுத்தினார். விரல் மெத்தையில் பதிவதுபோலப் பதிந்தது. இடுப்பெலும்பைத் தடவித் தேடினார். எலும்பு தட்டுப்படவே இல்லை.

"ஊசி மேல தப்பில்ல சார். போன வாரம் ரெண்டு மாட்டுலேருந்து கருவைக் கழுவி எடுத்து லேப்ல பார்த்தோம். கரு உண்டாகுது. ஆனா முதல் ஏழெட்டு நாள் எப்படி வளரணுமோ அப்படி வளரல, பாதியிலயே நின்னுடுது. மாடு இந்த அளவுக்குக் கொழுத்தா அப்படித்தான் ஆகும். ரொம்ப மெலிஞ்சு கிடந்தாலும் கஷ்டம்தான். ஆரம்பத்துல கருவுக்கு எல்லாமே தாயோட உடம்புதான்."

தகரத்தின் சத்தம் நின்றது. மகள் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். போன வருஷம் அவளுக்கு ரெண்டாம் மாதத்திலேயே கலைந்துபோயிருந்தது. இப்போது மறுபடி முழுகாமல் இருக்கிறாள். "உடம்புல என்னம்மா இருக்கு, எலும்புக்கு மேல தோல்தான் இருக்கு, நல்லா சாப்பிடு, பாரம் தூக்காதே" என்று ஆஸ்பத்திரி நர்ஸ் போன வாரம்தான் திட்டி அனுப்பினாள். நல்லா சாப்பிடு என்று சொல்ல எல்லோருக்கும் வாய் இருக்கிறது.

"யாரு மாட்டுக்கு இப்படி அள்ளிக் கொட்டினது?" முதலாளி மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி தவிட்டக்காவைப் பார்த்தார். அதற்குமேல் பார்க்க ஆளில்லை.

"வந்ததைப் போட்டேங்கய்யா," என்றாள் அவள்.

"வந்ததை எல்லாமா? எவ்வளவு வேணுமோ அவ்வளவு போட்டுட்டு மிச்சம் வைக்கத் தெரியாது? மாடு தொட்டி முன்னால நின்னு கெஞ்சிச்சா உங்கிட்ட?"

மேஸ்திரி சிரித்து வைத்தார். அந்தச் சிரிப்புத்தான் தவிட்டக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவன் சிரிக்கிறானே, இவனுக்குத் தெரியாதா?

பாதி மாடுகளை விற்ற பிறகும் தீவன மூட்டை மட்டும் பழையபடியே வந்து இறங்கியது. தீவனம் அரைக்கிற மில், முதலாளியின் மச்சானுடையது. அவருக்கு வியாபாரம் குறையக்கூடாது. மாடு குறைந்துபோச்சே, மூட்டை எதற்கு இத்தனை என்று அவள் கேட்டபோது, "உங்க அப்பன் வீட்டு மில்லா, உனக்கு ஏன் வலிக்குது?" என்றவர் இதே மேஸ்திரி. சரி என்று வேண்டியதைப் போட்டுவிட்டு மீதி அரை மூட்டையைக் கட்டி மூலையில் சாய்த்து வைத்தாள். அன்று சாயந்திரமே பிடித்துக்கொண்டார்கள். ராத்திரி தூக்கிட்டுப் போகத்தானே ஒளிச்சு வச்சே என்று எல்லோர் முன்னாலும் நிறுத்திக் கேட்டார் மேஸ்திரி. மகளின் சாப்பாட்டுத் தூக்கைப் பிடுங்கி மண்ணில் கவிழ்த்தார். சோறுதான் கொட்டியது. அதற்காக யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

அன்றிலிருந்து அவள் ஒரு பிடி மிச்சம் வைத்ததில்லை. வருகிற மூட்டை அத்தனையும் சாயந்திரத்துக்குள் தொட்டியில். காலிச் சாக்கை உள்வெளியாகத் திருப்பி, மேஸ்திரி கண் முன்னால் நாலு உதறு உதறி, கையில் கொடுத்துவிட்டுத்தான் போவாள். மாடு தின்றது. தின்று தின்று பளபளவென்று ஆனது. பார்க்க வந்தவர்களெல்லாம் மாடு மாதிரியா இருக்கு, யானைக்குட்டி மாதிரி இருக்கு என்றபோது முதலாளி மீசையைத் தடவிக்கொண்டார்.

"வாயில கொழுக்கட்டையா? கேக்கறேன்ல?"

"மிச்சம் வச்சேங்கய்யா," என்றாள் தவிட்டக்கா. குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "வச்சப்போ திருடின்னு சொன்னீங்க. என் மக சோத்தை மண்ணுல கொட்டினாரு இவரு. மூட்டையில இருந்தா நான் திருடி, மாட்டு வயித்துல இருந்தா நான் கொழுக்க வச்சவ. அப்புறம் நான் எங்கதான் கொட்டறது, சொல்லுங்க! உங்க மாட்டைக் கெடுத்தது நான் இல்ல. உங்க சந்தேகம்!"

டாக்டரம்மா வாயைத் திறந்தார். பிறகு பையைத் திறந்து கையுறையைச் சுருட்டி உள்ளே போட்டார்.

"சார், தீவனத்தைப் பாதியாக் குறைங்க. கொஞ்சம் கொஞ்சமா எடை இறங்கினதும் ஊசி போடலாம். ஊசி போட்டப்புறம் மாட்டை விரட்டாதீங்க, வெயில்ல நிறுத்தாதீங்க. நிழலும் ஓய்வும் முக்கியம்." சொல்லிவிட்டு வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

வண்டி போகும்வரை பொறுத்திருந்த முதலாளி நிதானமாகவே பேசினார். "நாக்கு நீண்டு போச்சு உனக்கு. நீ வேண்டாம். இப்பவே கிளம்பு. உன் மக இருக்கட்டும். சாணியும் அள்ளட்டும், தீவனமும் போடட்டும். அவ வேலை செய்யறவரைக்கும் அந்த ரூம்ல இருந்துக்கோங்க."

"அவ முழுகாம இருக்காய்யா! மூட்டை தூக்கக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. என்னை எது வேணா சொல்லுங்க, அவளைத் தூக்க விடாதீங்க!"

"அப்படின்னா ரெண்டு பேரும் கிளம்புங்க."

மகள் தகரத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள். அந்த அறையை விட்டால் இரண்டு பேருக்கும் போக்கிடமில்லை; தவிட்டக்கா கோபத்தை முழுங்கினாள்.

"சரிங்கய்யா, அவ இருக்கட்டும். ஸ்டோர்ல இன்னைக்கு வந்த சோள மூட்டை அடுக்கிக் கிடக்கு, இனி மாட்டுக்குப் பாதி போதும். மிச்சத்துல ஒண்ணு குடுங்க. நொய்யை வேக வச்சாவது இவளுக்குப் போடறேன். வயித்துல இருக்கறது இந்தத் தடவையாவது நிக்கட்டும்."

முதலாளி மேஸ்திரியிடம் திரும்பினார். "இன்னைக்குக் குடுத்தா நாளைக்கு அத்தனை பேரும் பையோட நிப்பானுங்க. மில்லுல திருப்பி எடுக்க மாட்டான். மிச்சத்தையெல்லாம் எருக்குழியில கொட்டி மூடிடு. பினாயில் ஊத்திக் கொட்டு, இல்லன்னா ராத்திரியில தோண்டிடுவாங்க."

மூட்டையை மகள்தான் சுமந்தாள். தவிட்டக்கா கைவைக்கப் போனபோது, "உனக்குத்தான் வேலை இல்லன்னாச்சே, தள்ளி நில்லு" என்றார் மேஸ்திரி. முதல் மூட்டைக்கு மகளின் கால் தடுமாறியது. இரண்டாவதற்கு ஒரு கையால் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டாள். எருக்குழியில் சோளம் மஞ்சளாகச் சரிந்து சரிந்து குவிந்தது. நல்ல சோளம். வாசனைகூட மாறவில்லை.

மூன்றாவது மூட்டைக்கு மகள் குனிந்தாள். குனிந்தவள் நிமிரவில்லை.

"விட்டுடுடி!" என்று கத்திக்கொண்டே தவிட்டக்கா குழிக்குள் இறங்கினாள். முழங்கால் வரை சோளத்தில் புதைந்து நின்று, இரண்டு கையாலும் அள்ளி மடியில் போட்டாள். "ஊத்துய்யா! எம்மேலயே ஊத்து! பெத்தவ கண்ணு முன்னாலயே என் பிள்ளையைச் சாகடிப்பீங்க, நான் பாத்துட்டு நிக்கணுமா?"

மேஸ்திரி பினாயில் கேனைப் பிடித்தபடி முதலாளியைப் பார்த்தார். முதலாளி கொட்டகை வாசலில் நின்று அந்தக் கொழுத்த மாட்டை நிழலுக்கு மாற்றிக் கட்டச் சொல்லிக்கொண்டிருந்தார். திரும்பாமலே கையை மட்டும் அசைத்தார்.

மேஸ்திரி கேனைச் சாய்த்தார். பினாயில் தண்ணீர் பால்போல வெளுத்து இறங்கி, மஞ்சளை மூடி, தவிட்டக்காவின் மடியில் நிறைந்தது. அவள் மடியை விடவில்லை. மேலே மகள் மூட்டைக்குப் பக்கத்தில் வயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டாள்.

"நல்லாக் கிளறி விடு," என்று யாரிடமோ சொன்னார் மேஸ்திரி. "மேலாக ஊத்தினா அடியில எடுத்துடுவாங்க."