தரைத்தளம் யாருக்கு வேண்டும்

"படி ஏற முடியாதவங்க யார் வீட்டுலயாவது இருந்தா கை தூக்குங்க. தரைத்தள வீட்டை முதல்ல அவங்களுக்கு ஒதுக்கணும்."

அன்றைய கூட்டத்தில் கேட்ட கேள்விகளிலேயே சுலபமானது இதுதான். சங்கரன்கோவில் ஓடைக்கரையில் குடிசை போட்டிருந்த குடும்பங்கள் எல்லாம் பால்வாடிக் கட்டடத்தில் கூடியிருந்தன. திருவேங்கடம் சாலையில் கட்டப்போகிற அடுக்குமாடிக் குடியிருப்பில் ஜனங்களுக்கு என்னென்ன தேவை என்று கேட்டு எழுதிக்கொள்ள, ஒரு தொண்டு நிறுவனத்திலிருந்து பிரேமலதா என்ற பெண் வந்திருந்தாள். ரேஷன் கடை வேண்டும், சமுதாயக் கூடம் வேண்டும், மினிபஸ் உள்ளே வந்து திரும்ப வேண்டும் என்று தொண்டை கட்டும் வரை கத்தின ஜனங்கள், இந்தக் கேள்விக்கு மட்டும் வாயை மூடிக்கொண்டார்கள்.

பாலம்மாள் பக்கத்தில் இருந்த புருஷனைப் பார்த்தாள். வேல்சாமியின் வலது கை முழங்கால் மேல் கிடந்தது. பூ மார்க்கெட்டில் மூட்டை தூக்கின கை. இப்போது தூக்குவதில்லை. திருநெல்வேலியில் காட்டியபோது, இதயம் பலவீனமாக இருக்கிறது, கனம் தூக்கக்கூடாது, படி ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அது புருஷன் பெண்டாட்டி இருவருக்கு மட்டுமே தெரியும். மார்க்கெட்டில் தனக்கு மேஸ்திரி வேலை கொடுத்துவிட்டதாகத் தெருவில் சொல்லிவைத்திருந்தார். தெருவும் நம்பியது.

அவள் முழங்கையால் மெதுவாக இடித்தாள். அவர் அசையவில்லை. அசையாததற்குக் காரணம் இரண்டு வரிசை முன்னால் சுவரோரம் உட்கார்ந்திருந்தது. கோமதித்தாய், புருஷனை இழந்தவள். அவளுடைய ஒரே மகன் வெங்கடேஷுக்குத்தான் இவர்கள் மகள் சங்கரேஸ்வரியைப் பேசிக்கொண்டிருந்தார்கள். பூ வைக்க நாள் குறிக்க வேண்டியதுதான் பாக்கி. இதற்கு முன்னால் கரிவலம்வந்தநல்லூரிலிருந்து வந்த சம்பந்தம், பெண்ணின் அம்மாவுக்குச் சர்க்கரை என்று யாரோ சொன்னதைக் கேட்டே திரும்பிப் போயிருந்தது. சர்க்கரைக்கே அப்படி என்றால் இதயத்துக்கு எப்படி இருக்கும்?

பிரேமலதா இன்னொரு தடவை கேட்டாள். இந்தத் தடவை வயதானவர்களின் முகத்தைப் பார்த்தே கேட்டாள்.

கோமதித்தாய்தான் முதலில் வாய் திறந்தாள். "எங்களுக்கு மாடியே குடுங்கம்மா. காத்தாவது வரும்."

சம்பந்தியாகப் போகிறவள் இப்படிச் சொன்ன பிறகு வேல்சாமியால் சும்மா இருக்க முடியுமா? "மூட்டையோட ஏறுன காலு இது. வெறுங்கையோட ஏறுததுக்கு என்ன?" என்றார். கூட்டம் சிரித்தது.

கை தூக்கினது துரைப்பாண்டி ஒருவன்தான். தனக்கு இடுப்புப் பிடிப்பு என்றான். கபடி ஆடுகிறவனுக்கு இடுப்புப் பிடிப்பா என்று எல்லோரும் அவனை ஓட்டு ஓட்டு என்று ஓட்டினார்கள். இன்றைக்கு அவன் தரைத்தள வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து காற்று வாங்குகிறான். ஓட்டினவர்கள் மேலேயிருந்து அவன் உச்சந்தலையைப் பார்க்கிறார்கள்.

வீட்டுக்கு வந்ததும் பாலம்மாள் கேட்டாள். "ஒரு கையத் தூக்குனா என்ன கொறஞ்சா போயிருவிய?"

"தூக்கியிருந்தா மவ கழுத்து வெறுங்கழுத்தாத்தான் நிக்கும். கல்யாணம் முடியட்டும்ட்டி. பெறகு பாத்துக்கிடலாம்."

பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற வார்த்தையை நம்பித்தான் நம் ஊரில் பாதிப் பேர் காலத்தை ஓட்டுகிறோம். அதை நம்பிக் கெட்டவர்களும் அதே பாதிப் பேர்தான். கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. வெங்கடேஷ் தங்கமான பையன். அதில் ஒரு குறையும் இல்லை. கட்டடமும் எழும்பியது. கை தூக்கின துரைப்பாண்டிக்குத் தரைத்தள வீட்டை ஒதுக்கிவிட்டு, மீதி எல்லாவற்றையும் குலுக்கலில் போட்டார்கள். மீதியில் தரைத்தள வீடுகளும் நிறைய இருந்தன. கேட்க ஆள் இல்லாததால் அவை ஏறி இறங்கச் சளைக்காத இளவட்டங்களுக்குப் போயின. வேல்சாமிக்கு விழுந்தது முதல் கட்டடத்தில் மூன்றாவது மாடி. கோமதித்தாய்க்கு எதிர்க்கட்டடத்தில் அதே மூன்றாவது மாடி. நடுவில் ஒரு சிமெண்டு முற்றம். சம்பந்திகள் ஜன்னலுக்கு ஜன்னல் பார்த்துக்கொள்ளலாம், இப்படி யாருக்கு அமையும் என்று தெருவே மெச்சியது.

குடியேறிய அன்று வேல்சாமி ஒவ்வொரு திருப்பத்திலும் நின்றார். ஒரு இடத்தில் பூச்சு நன்றாக இருக்கிறது என்று சுவரைத் தடவினார். இன்னொரு இடத்தில் தண்ணீர்க் குழாய் எங்கே போகிறது என்று அண்ணாந்து பார்த்தார். பின்னால் பால்பானையோடு வந்த பாலம்மாளுக்கு அந்த விசாரணையெல்லாம் எதற்கு என்று தெரியும். மேலே போய்ச் சேர்ந்தவர் பால் காய்ச்சும் வரை கண்ணைத் திறக்கவில்லை.

அதன் பிறகு ஒரே ஒரு தடவை ஆஸ்பத்திரிக்கு இறங்கினார். திரும்பி ஏறும்போது உதடு நீலம் பாரித்துவிட்டது. அதோடு இறக்கம் நின்றது. மாத்திரையைப் பாலம்மாளே போய் வாங்கி வந்தாள். ஆடித்தபசுத் திருவிழாவுக்கு ஊரே கிளம்பிப் போனபோது, தூரத்து மைக் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அவர் கட்டிலில் கிடந்தார். நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு போவதாக மருமகன் ஆட்களோடு வந்து கேட்டான். "நாலு பேரு என்னையத் தூக்குதது ஒரு நாளைக்குத்தான் மாப்ள. அது வரட்டும்" என்று அனுப்பிவிட்டார்.

மகள்தான் தினமும் ஏறி வந்தாள். அவள் உண்டான பிறகு அதுவும் நின்றது. நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது, பிரசவம் வரைக்கும் படியே மிதிக்கக்கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாள். அப்பாவும் மகளும் ஆளுக்கொரு ஜன்னலில் நின்று செல்போனில் பேசினார்கள்.

"சாப்பிட்டியாட்டி?"

"சாப்பிட்டேம்ப்பா. நீங்க ஏன் நின்னுக்கிட்டே பேசுதிய? உக்காருங்க."

"உக்காந்தா நீ தெரியமாட்டக்க."

இதைக் கேட்டுக்கொண்டு அரிசி களைந்த பாலம்மாள், மறுநாளே வீட்டை மாற்றிக் கேட்க ஆபீசுக்குப் புறப்பட்டாள். ஒதுக்கீடு முடிந்துவிட்டது, கீழே இருக்கிற யாராவது மனசு வைத்து மாற்றிக்கொண்டால்தான் உண்டு என்றார்கள். கீழே இருக்கிறவர்களிடம் ஏற்கெனவே கேட்டாகிவிட்டது. மனசு எல்லோருக்கும் இருந்தது, மாடிதான் வேண்டாம் என்றார்கள். திரும்பும் வழியில் பிரேமலதாவைப் பார்த்தாள். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான் அத்தனை பேர் நடுவுல வச்சுக் கேட்டிருக்கக்கூடாதும்மா. வீடு வீடா வந்து தனியாக் கேட்டிருக்கணும்."

"நீங்க கேக்கத்தான் செஞ்சிய தாயி. நாங்கதான் சொல்லல" என்றாள் பாலம்மாள்.

இத்தனைக்கும் நடுவில் சம்பந்தி வீட்டோடு மனஸ்தாபம் வேறு வளர்ந்திருந்தது. இவ்வளவு பக்கத்தில் இருந்தும் கோமதித்தாய் ஒரு நாள் வந்து எட்டிப் பார்க்கவில்லை. அத்தைக்கு மூட்டு வலி என்று சங்கரேஸ்வரி சொல்லத்தான் செய்தாள். வேல்சாமி நம்பவில்லை. "அன்னைக்கு மாடியே குடுங்கன்னு வீறாப்பாச் சொன்னவளுக்கு இன்னைக்கு மூட்டு வலியாக்கும்" என்றார். எதிர்வீட்டில் கோமதித்தாயும் அதே பாட்டைத்தான் பாடிக்கொண்டிருந்தாள். அப்பாவுக்கு இதயம் சரியில்லை என்று மருமகள் சொன்னால், அது நேற்று வந்த நோவு, நம் வீட்டுக்கு வரச் சொன்னால் மட்டும் வருகிற நோவு என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

வளைகாப்புக்கு நாள் பார்த்தாகிவிட்டது. முறைப்படி வளையல் போட்டுப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டும். அது இப்போது நடக்காது. வளையலாவது போடலாம் என்று பேசப் போனாள் பாலம்மாள். கோமதித்தாய் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"வாங்க மதினி. அண்ணன் வருவாவளா, இல்ல அன்னைக்கும் இப்படித்தானா? மூட்டையோட ஏறுன காலுக்கு எங்க வீட்டுப் படி மட்டும் கசக்குதோ?"

பாலம்மாளுக்குச் சுருக்கென்றது. இத்தனை நாள் அடக்கி வைத்திருந்தது வாயில் வந்துவிட்டது.

"அந்தக் காலு அன்னைக்கே ஏறாது மதினி. கூட்டத்துக்கு முந்தியே டாக்டரு சொல்லியாச்சு. அவரு கையத் தூக்காம இருந்தது உங்களுக்குப் பயந்துதான். சீக்காளி வீட்டுல பொண்ணெடுக்க மாட்டியன்னு பயந்து, மாடிய வாங்கிக்கிட்டுச் சாகக் கெடக்காரு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. உள் அறையில் சங்கரேஸ்வரி இருந்தாள். கேட்டிருப்பாள்.

கோமதித்தாய் கத்தியைக் கீழே வைத்தாள். பிறகு சேலையை முழங்காலுக்கு மேல் ஏற்றிக் காட்டினாள். இரண்டு மூட்டும் கோணிக்கொண்டு வீங்கியிருந்தன.

"இது இன்னைக்கு நேத்து வந்ததுன்னா நெனைக்கிய? அந்தக் கூட்டத்துக்கு எல்லாருக்கும் முன்ன போயி சுவரோரமா உக்காந்தேன். எல்லாரும் போன பெறகு வெங்கடேசு வந்துதான் தூக்கிவிட்டான். நான் எந்திரிக்கத நீங்க பாத்துரக்கூடாதுன்னு."

"எதுக்கு மதினி?"

"மொடங்குன மாமியாளுக்குப் பீ மோத்திரம் அள்ள யாராவது பொண்ணு குடுப்பாவளா? அதான் காத்து வரும்னு சொன்னேன்."

பாலம்மாள் அவள் எதிரில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கு அந்த அறையில் இரண்டு கைகள் மேலே போயிருக்க வேண்டும். இரண்டு தரைத்தள வீடு காத்துக்கொண்டு இருந்தது. ஒரு கையைப் பார்த்து இன்னொரு கை பயந்து இரண்டும் கீழேயே கிடந்தன. இதை நினைக்க அவளுக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. அது பாதியிலேயே அழுகையாகிவிட்டது.

"சொல்லியிருந்தாலும் குடுத்திருப்போம் மதினி."

"நானும் எடுத்திருப்பேன். உங்க மவளப் போல எனக்கு யாரு கெடைப்பா?"

அது நிஜம்தானா, இல்லை இப்போது சொல்லச் சுலபமாக இருக்கிறதா என்று பாலம்மாளுக்கு விளங்கவில்லை. கோமதித்தாய்க்கும் விளங்கியிருக்காது. இரண்டு பேரும் மீதி வெங்காயத்தை உரித்தார்கள்.

வேல்சாமியிடம் சொன்னபோது அவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "பாவி மக, அவ கை தூக்கியிருந்தா நானும் தூக்கியிருப்பேனே" என்றார். சற்றுப் பொறுத்து, "அவளும் அதத்தான சொல்லுவா" என்று தானே சேர்த்துக்கொண்டார்.

வளைகாப்பன்று காலையிலேயே சவரம் செய்துகொண்டு, கல்யாணத்துக்கு எடுத்த வெள்ளைச் சட்டையைப் போட்டு ஜன்னலோரம் வந்துவிட்டார். தாம்பாளங்களைத் தூக்கிக்கொண்டு பாலம்மாளும் சொந்தக்காரப் பெண்களும் மூன்று மாடி இறங்கி, முற்றத்தைக் கடந்து, மூன்று மாடி ஏறினார்கள். சீர் முன்னால் நடந்து வர வேண்டியவர் மட்டும் வரவில்லை.

கோமதித்தாயின் வீட்டில் மனைப்பலகையைக் கிழக்குப் பார்த்துப் போட்டிருந்தார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு வந்த கோமதித்தாய் அதைக் காலாலேயே மேற்கே, ஜன்னல் பக்கம் தள்ளினாள்.

"கெழக்கு பாத்துல்லா உக்காரணும்?" என்று ஒருத்தி ஆரம்பித்தாள்.

"அவ அப்பன் இருக்கது மேக்கதான். அங்கன பாத்தே உக்காரட்டும்."

சந்தனம் பூசி, வளையல் அடுக்கினார்கள். கடைசி வளையலும் ஏறினதும் சங்கரேஸ்வரி மெதுவாக எழுந்து ஜன்னலுக்குப் போனாள். பாலம்மாள் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். மகள் இரண்டு கையையும் கம்பிக்கு வெளியே நீட்டி, வளையல் தெரியும்படி ஆட்டிக் காட்டினாள்.

எதிர் ஜன்னலில் வேல்சாமி கம்பியை விட்டுவிட்டு நிமிர்ந்து நின்றார். வலது கையைத் தூக்கினார். முதலில் தோள் அளவுக்கு வந்தது. பிறகு தலைக்கு மேல், முழுசாக, விரல் விரிய. ஆசீர்வாதம் செய்கிற கை. இறக்கவே இல்லை.

"அண்ணன் கையத் தூக்கிட்டாவ" என்றாள் பின்னாலிருந்து கோமதித்தாய்.

"இப்பத்தான் தூக்குதாவ மதினி" என்று பாலம்மாள் சொன்னாள்.