அறுபது வாட்ஸ் சூடு

"பாட்டு வருமா?" என்று பெலிக்ஸ் கேட்டான்.

"பாட்டு வராது. தாளம் நல்லா வரும்" என்றாள் ஜெயசித்ரா.

"தாளமா? அதுக்கு எங்க பேண்டுல ரெண்டு ஆளு இருக்காவளே. பெரிய டிரம்முக்கு ஒருத்தன், சின்ன டிரம்முக்கு ஒருத்தன்."

"நான் ரெண்டையும் அடிப்பேன்."

"அப்போ அவனுவ ரெண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பிர வேண்டியதுதான்" என்று சொல்லிச் சிரித்தான்.

சேத்தூரில், அவள் அம்மா வீட்டில், பெண் பார்க்க வந்த அன்று நடந்த பேச்சு அது. பெலிக்ஸின் சிரிப்பில் கேலி குறைவு, கூச்சம் அதிகம். அதனால் அவளும் கூடச் சிரித்துவிட்டாள். அன்றைக்குச் சிரிக்காமல் இருந்திருந்தால் கேட்க வேண்டியதை அங்கேயே கேட்டிருப்பாள் என்று இந்தப் பத்தொன்பது வருடங்களில் பல முறை நினைத்திருக்கிறாள்.

சேத்தூர்க் கோயில் வாலிபர் பாடகர் குழுவில் கல்யாணம் வரைக்கும் டிரம்ஸ் வாசித்தவள் அவள். கல்யாணத்துக்குப் பிறகு ராஜபாளையத்தில் பெலிக்ஸின் பேண்டு செட்டுக்கு அவள் செய்தது வேறு வேலை. சிவப்புக் கோட்டுகளுக்கு இஸ்திரி போட்டாள், தங்க நிறக் கயிறுகளைத் தைத்தாள், அவனுடைய கிளாரினெட்டின் நாணல் நாக்கை ஈரம் போகத் துடைத்து வைத்தாள். கல்யாணம், சாவு, சப்பரம் என்று பேண்டு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது. மகள் பிறந்து, வளர்ந்து, திருநெல்வேலியில் கல்லூரி விடுதிக்கும் போய்விட்டாள். கேட்க நினைத்தது மட்டும் கேட்கப்படாமலே இருந்தது. கேட்டால் என்ன பதில் வரும் என்றுதான் தெரியுமே. அதுக்கு ஆளு இருக்கு.

அந்தக் கார்த்திகை மாதத்துப் புதன்கிழமை, மருத்துவத் துணி ஆலையில் முதல் ஷிப்ட் முடித்து, தலைமுடியில் ஒட்டிய பஞ்சோடு மழையில் நனைந்து வீட்டுக்கு வந்தாள். பின் அறைக் கதவு திறந்து கிடந்தது. தரையில் பெரிய வட்டம் ஒன்றும் சின்ன வட்டங்கள் இரண்டும், தூசி படியாமல் தெரிந்தன. அவற்றின் மேல் இருந்த டிரம்களைக் காணோம்.

பெலிக்ஸுக்குப் போன் போட்டாள்.

"ஏங்க, டிரம்ஸ் எங்க?"

"அதுவா, ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்திருச்சு. சடகோபன் சார் ஓட்டல் திறப்பு விழாவுக்கு இன்னைக்கு நம்ம பேண்டுதான்லா. ஹால்ல போடுறதுக்குப் பழைய சாமான் ஏதாச்சும் இருக்கான்னு கேட்டாரு. பெரிய டிரம்மைப் படுக்க வச்சு, நாலு கால் மாட்டி, மேல கண்ணாடி போட்டு டேபிளாக்கப் போறாவ. நம்ம பேண்டு பேரும் அதுல இருக்குமாம்."

"யாரைக் கேட்டு எடுத்தீங்க?"

"செத்த டிரம்முதானே ஜெயா. அடிச்சா ஈரச் சாக்கு மாதிரி இருக்கு. ஆனா நீ உள்ள லைட்டு வச்சிருக்க பாரு, அதைப் போட்டா அந்த நிலா படம் என்னமா எரியுது. சார் அசந்துட்டாரு. நான் பழைய குண்டு பல்பைத் தூரப் போட்டுட்டுப் புது எல்.இ.டி. பல்பே மாட்டிக் கொடுத்துட்டேன்."

அவள் போனை வைத்தாள்.

அந்த டிரம்ஸ் அவளிடம் வந்து இரண்டு வருடமாகிறது. மூடிப்போன ஒரு நூற்பாலையின் கிளப்பை இடித்தபோது, அங்கே ஸ்டோரில் இருந்த அவள் மாமா ராஜரத்தினம் கூப்பிட்டுச் சொன்னார். "ஏட்டி, இரும்புக்குப் போடப் போறாங்க. வேணும்னா தூக்கிட்டுப் போ." வெள்ளைக்கார இன்ஜினியர்கள் சனிக்கிழமைதோறும் நடனமாடிய காலத்துச் சாமான் அது. ஓர் ஆள் கட்டிப்பிடித்தாலும் கைக்கு எட்டாத பெரிய டிரம். அதன் முகத்தில் ஏரியும் பிறைநிலாவும் வரைந்திருந்தது. இரண்டு கை அகலச் சின்ன டிரம். தோலைச் சுற்றிலும் ஆணியடித்து இறுக்கிய சீனத்து டிரம் ஒன்று. மரக்கட்டை, சைக்கிள் மணி, காலால் அழுத்தி அடிக்க ஒரு மிதி, தட்டு அளவுக்கு ஒரு வெண்கலச் சிம்பல். டிரம்களுக்கெல்லாம் நிஜத் தோல், பிளாஸ்டிக் ஒன்றுகூட இல்லை.

அந்தக் காலத்து அமெரிக்க ஜாஸ் இசைத்தட்டுகளை அவள் போனில் தேடித் தேடிக் கேட்டாள். வெளிநாட்டில் பழைய டிரம்களைப் பழுது பார்ப்பவர்களின் வீடியோக்களைப் பார்த்தாள். அங்கேயும் ஆரம்பத்தில் கல்யாணத்துக்கும் சாவுக்கும் தெருவில் போன பேண்டுதான் என்று அதில் தெரிந்துகொண்டாள். பெரிய டிரம்முக்கு ஒருத்தர், சின்ன டிரம்முக்கு ஒருத்தர். பிறகு வாசிப்பு கூடத்துக்குள் வந்தபோது, பெரிய டிரம்மைக் காலால் அடிக்க ஒரு மிதி வந்தது. இரண்டு பேர் வேலையை ஒருத்தரே உட்கார்ந்து செய்ய ஆரம்பித்தார். இதைத் தெரிந்துகொண்ட அன்று ஜெயசித்ரா தனியாக உட்கார்ந்து சற்று நேரம் சிரித்தாள்.

தினமும் மத்தியானம், பெலிக்ஸ் வெளியே போனதும் பயிற்சி. அந்தக் காலத்தவர்கள் சிம்பலைப் போட்டு ஓயாமல் இரைய விடுவதில்லை. குச்சியைத் தோலில் அழுத்தி உருட்டுவார்கள், மரக்கட்டையில் பேசுவார்கள், சிம்பலை ஒரே தட்டு, உடனே கையால் பிடித்து வாயை மூடிவிடுவார்கள். கை படிய அவளுக்கு ஒன்றரை வருடம் ஆனது. பெலிக்ஸ் கேட்டால் "துடைச்சு வைக்கேன்" என்பாள். அதுவும் பொய்யில்லை.

அன்று போனை வைத்த கையோடு, துணி மாற்றாமல், அதே ஈரச் சேலையோடு பேருந்து நிலையத்துப் பக்கமிருந்த கோழித்தீவனக் கடைக்குப் போனாள். பழைய மாதிரிக் குண்டு பல்பு இப்போது அங்கேதான் கிடைக்கும். குஞ்சுகளுக்குச் சூடு காட்ட வாங்குவார்கள்.

"அறுபது வாட்ஸ் ஒண்ணு."

"எத்தனை குஞ்சு வச்சிருக்கீய?"

"ஒண்ணு."

"ஒரு குஞ்சுக்கா அறுபது வாட்ஸு?"

"பெரிய குஞ்சு" என்று சொல்லி, பல்பைக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு பேருந்தில் ஏறினாள்.

ஓட்டல் ஹாலில் புதுப் பெயிண்ட் வாடை. பேண்டுக்காரர்கள் சிவப்புக் கோட்டில் சுவரோரம் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில், முகத்துத் திருகுகள் தளர்த்தப்பட்டுப் பெரிய டிரம் படுத்துக் கிடந்தது. தச்சர் இருளப்பசாமி துளை போடும் மிஷினைக் கையில் பிடித்து, கால் வைக்க வேண்டிய இடங்களைப் பென்சிலால் குறித்துக்கொண்டிருந்தார். சின்ன டிரம்மும் மற்றவையும் ஒரு மூலையில் குவிந்திருந்தன.

ஜெயசித்ரா நேராகச் சுவருக்குப் போய் மிஷினின் பிளக்கைப் பிடுங்கினாள்.

"மிஷினைக் கீழ வைங்கண்ணே."

இருளப்பசாமி வைத்துவிட்டார். பெலிக்ஸ் எழுந்து ஓடி வந்தான். அதற்குள் ஓட்டல்காரர் சடகோபன், வெள்ளை வேட்டியும் நெற்றியில் ஒற்றைக் கோடுமாக உள்ளேயிருந்து வந்தார்.

"யாரும்மா நீங்க?"

"இந்த டிரம்ஸுக்குச் சொந்தக்காரி."

"பெலிக்ஸ் கொடுத்தாரு, நான் வாங்கிண்டேன். அஞ்சரைக்கு விருந்தாளிங்க வராங்க."

"கொடுத்தது அவிய. டிரம்ஸ் என்னுது சார். நான் கொடுக்கலை."

பெரிய டிரம் அடிக்கும் ஐயாதுரை டீ கிளாஸை வைத்துவிட்டு வந்தான். இருபத்திரண்டு வருடமாக அந்தப் பேண்டில் இருப்பவன். "மதினி, கோவப்படாதீய. இது ஊமை டிரம்மு. பாருங்க" என்று குனிந்து தோலில் ஒரு குத்து விட்டான். தொப் என்றது.

"மழையில வேற எப்படி இருக்கும்? இதுக்குச் சூடு வேணும். அதுக்குத்தான் உள்ள பல்பு. அழகுக்கு இல்ல."

"பல்பு போட்டா டிரம்மு முழிச்சிருமா? அப்போ உங்க வீட்டுக்காரருக்கும் ஒண்ணு போட்டு விடுங்க. காலையில எந்திரிக்கவே மாட்டேங்காரு."

பேண்டுக்காரர்கள் சிரித்தார்கள். ஜெயசித்ரா சிரிக்கவில்லை. இந்தத் தடவை சிரிக்கக் கூடாது என்று பேருந்திலேயே முடிவு செய்திருந்தாள்.

"தப்பு அடிக்க முன்னாடி வைக்கோலைக் கொளுத்தி எதுக்குக் காய்ச்சுதாங்க ஐயாதுரை? நீங்க பாத்ததே இல்லையா?"

ஐயாதுரை குனிந்து தோலைத் தடவிப் பார்த்தான்.

"அங்க தீ, இங்க பல்பு. அம்புட்டுதான் வித்தியாசம். நீங்க மாட்டின எல்.இ.டி. வெளிச்சம் தரும், சூடு தராது" என்று கடைசி வார்த்தைகளைப் பெலிக்ஸிடம் சொன்னாள். பிறகு சடகோபனைப் பார்த்தாள். "அரை மணி நேரம் கொடுங்க சார். பொறவும் இது டேபிள்தான்னு உங்களுக்குத் தோணுச்சுன்னா என்கிட்ட கேளுங்க. அப்பவும் கொடுக்க மாட்டேன். ஆனா கேளுங்க."

சடகோபன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "மார்கழிப் பனியில கோயில் மேளமும் இப்படித்தான் மக்கர் பண்ணும். வெயில் வர வரைக்கும் காத்திருப்பாங்க" என்று சொல்லி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அவள் பெரிய டிரம்மின் முகத்தைத் திறந்து, எல்.இ.டி. பல்பைக் கழற்றி இருளப்பசாமியின் கையில் கொடுத்தாள். குண்டு பல்பை மாட்டி, பிளக்கைச் செருகினாள். முதலில் சின்ன டிரம்மின் முகத்தை அந்தச் சூட்டில் திருப்பித் திருப்பிக் காட்டினாள். அது தேறியதும் பெரிய டிரம்மின் முகத்தை மூடி, நிமிர்த்தி வைத்து, திருகுகளை ஒன்றுக்கு எதிர் ஒன்றாக இறுக்கினாள். நிலா மஞ்சளாக எரிந்தது.

பெலிக்ஸ் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினான். "நாலு பேர் முன்னாடி ஏன் இப்படி அசிங்கப்படுத்துத?"

"நாலு பேரைக் கூட்டிட்டு வந்துதானே தூக்கிட்டுப் போனீங்க."

"நீ வாசிக்கேன்னு எனக்கு எப்படித் தெரியும்? ஒரு நாளாவது சொன்னியா?"

"பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே சொன்னேன். சிரிச்சீங்க."

அவனுக்கு அது ஞாபகம் இருந்தது என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது. கிளாரினெட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு தள்ளி நின்றான்.

அரை மணி நேரம் கழிவதற்குள் ஐயாதுரையே பொறுக்காமல் வந்து தோலில் ஒரு விரலால் சுண்டினான். டும் என்று ஹாலின் அந்தக் கோடி வரைக்கும் போனது. அவன் விரலைப் பார்த்துக்கொண்டான்.

ஜெயசித்ரா மூலையில் கிடந்த மற்றவற்றையும் எடுத்து மாட்டிவிட்டு, ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து சேலையைச் செருகிக்கொண்டாள். வலது கால் மிதியில். முதலில் எல்லோருக்கும் தெரிந்ததையே எடுத்தாள். கல்யாண ஊர்வலம் கிளம்பும்போது இந்தப் பேண்டு வாசிக்கும் நடை. ஐயாதுரையின் அடி அவள் காலில் வந்தது. சின்ன டிரம் அடிப்பவனின் உருட்டல் அவள் கைகளில் வந்தது. "ஏலே, என் அடி மதினி காலுக்குள்ள இருக்குலே" என்று ஐயாதுரை பக்கத்திலிருந்தவனிடம் சொன்னான்.

பிறகு அதை மெல்ல அவிழ்த்தாள். நேராக நடந்த தாளம் கொஞ்சம் சாய்ந்து, ஒரு தோளைக் குலுக்கிக்கொண்டு நடந்தது. குச்சிகள் தோலில் அழுந்தி உருண்டன. மரக்கட்டை இரண்டு வார்த்தை பேசியது, சீனத்து டிரம் அதற்கு எதிர்ப்பேச்சு பேசியது. சிம்பலை ஒரு தட்டு, உடனே ஒரு பிடி. அந்த வெட்டில் ஹாலே ஒரு கணம் மூச்சைப் பிடித்தது. கால் மட்டும் நிற்கவில்லை. சமையலறையிலிருந்து ஆட்கள் கரண்டியோடு வந்து நின்றார்கள். பத்தொன்பது வருடத்து இஸ்திரிப் பெட்டியும் தங்கக் கயிறும் அவள் கைகளிலிருந்து கழன்று விழுவது போல இருந்தது. யாருக்கும் நன்றாக இருக்க வேண்டும் என்று அவள் வாசிக்கவில்லை. பெலிக்ஸின் ஷூ முனை தரையில் தாளம் போடுவதை ஓரக்கண்ணில் பார்த்தாள். பார்த்தும் வேகத்தைக் குறைக்கவில்லை.

நிறுத்தியதும் யாரும் கைதட்டவில்லை. மழைச் சத்தம் திரும்பக் கேட்டது.

சடகோபன் நாற்காலியிலிருந்து எழுந்தார். "இருளப்பசாமி, கண்ணாடியைத் திருப்பிக் கொண்டுபோய்டும்." பிறகு அவளிடம், "டேபிள் வேண்டாம்மா. இப்படியே இங்க ஒரு மேடை போட்டு வைக்கட்டுமா? வரவா போறவா பார்ப்பா."

"பாக்குறதுக்கு இல்ல சார் இது."

அவர் தலையசைத்தார். பெலிக்ஸ் அருகில் வந்தான். கண்கள் கலங்கியிருந்தன; அது அவளைக் கொஞ்சம் தொட்டது. "தப்புதான் ஜெயா. வா, வண்டியைச் சொல்லுதேன். வீட்டுக்குக் கொண்டுபோயிருவோம். நீ மத்தியானத்துல நல்லா வாசிச்சுக்கோ. யாரு வேண்டாங்கா?"

எவ்வளவு பிரியமாகச் சொல்கிறான். இரண்டு வருடத்துக்கு முன்னால் சொல்லியிருந்தால் அதுவே போதும் என்று அவள் வாங்கிக்கொண்டிருப்பாள். சுவரோரம் சிவப்புக் கோட்டுகள் வரிசையாக அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றின் பித்தானும் அவள் தைத்தது. மணி ஐந்தேகால்.

அவள் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை.

"வீட்டுக்குள்ள வாசிக்க நான் யாரையும் கேக்க வேண்டியதில்ல. கேக்க வேண்டியது வேற. ஐயாதுரை இடமும் வேண்டாம், சின்ன டிரம்காரர் இடமும் வேண்டாம். அவங்க தெருவுல நடக்கட்டும், நான் கூடத்துல உக்காருதேன்."

குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு, பெண் பார்க்க வந்த அன்று அவனைப் பார்த்தது போலவே நிமிர்ந்து பார்த்தாள். சிரிப்பு மட்டும் இல்லை.

"எனக்கு உங்க பேண்டுல ஒரு இடம் வேணுங்க. இன்னைக்கு, அஞ்சரைக்கு."