வடிக்காமல் விட்ட கண்டன்சர்

ஸ்க்ரூடிரைவரின் முனையைக் கண்டன்சரின் இரண்டு கால்களுக்கும் குறுக்கே வைத்தான் அருணகிரி. டப்பென்று ஒரு வெடி, நீலமாய் ஒரு பொறி. முன்னறையில் ஒப்பாரி பாதி அடியில் நின்றது.

இருபது வருஷத் தொழிலில் அவன் எத்தனையோ வீடுகளில் ஃபியூஸ் போக வைத்திருக்கிறான். ஒரு கல்யாணத்தில் தாலி கட்டுகிற நேரத்துக்கு மைக்செட்டை ஊமையாக்கியிருக்கிறான். ஒப்பாரியை நிறுத்தியது இதுதான் முதல் தடவை. அதுவும் சொந்த அண்ணன் சாவில்.

"இன்னாடா அது சத்தம்?" முன்னறையிலிருந்து பெரியம்மா வெள்ளையம்மாள் கேட்டாள்.

"ஒண்ணுமில்ல பெரியம்மா. டியூப்லைட் ஸ்டார்ட்டரு."

"காலைலேர்ந்து கரண்டே இல்லாத வீட்ல ஸ்டார்ட்டரு எப்பிட்றா வெடிக்கும்?"

கரண்ட் இல்லாத வீட்டில் எது வெடிக்கும் என்று அவனுக்குத் தெரியும்.

"தட்டு வுழுந்துடிச்சி பெரியம்மா."

"கட்டைல போறவனே, பாத்துப் பொழங்கு" என்றவள், விட்ட இடத்திலிருந்து அடி பிசகாமல் அழ ஆரம்பித்தாள்.

அண்ணன் கண்ணாயிரம் ஜோசியர். பே கோபுரத் தெரு வீட்டின் முன்னறைதான் கடை. எண்பத்தெட்டாம் வருஷம் சித்ரா பௌர்ணமிக்கு முன்னால் எங்கோ மெட்ராஸில் சொல்லிவைத்து ஒரு கம்ப்யூட்டரை இறக்கினார். மலை சுற்ற வந்த கூட்டம் பாதி, செருப்பைக் கழற்றிவிட்டு அதைக் கும்பிட்டது. ரெண்டு மாசம் நன்றாக ஓடியது. அப்புறம் நினைத்த நேரத்தில் நிற்க ஆரம்பித்தது. ஒரு தடவை லக்கினத்தில் நிற்கும், ஒரு தடவை தசாபுத்தியில். போன வாரம் கீழ்பென்னாத்தூர்காரர் ஒருவருக்கு ஏழாமிடம் வரைக்கும் அச்சடித்துவிட்டு எட்டில் நின்றது. எட்டாமிடம் ஆயுள். மனுஷர் வெளிறிப்போய், குடையைக்கூட எடுக்காமல் ஓடினார்.

அண்ணன் தம்பியைக் கூப்பிட்டார். ஊரில் அதைத் திறந்து பார்க்கிற துணிச்சல் அவன் ஒருவனுக்குத்தான் இருந்தது. ரேடியோ, டிவி ரிப்பேர்க்காரன் என்பதைத் தவிர வேறு தகுதி கிடையாது.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் உட்கார்ந்தான். கார்டுகளைப் பிடுங்கி, கால்களை ரப்பர் வைத்துத் தேய்த்துச் சொருகினான். அப்படியும் பாதியில் நின்றது. பவர் சப்ளை டப்பாவைத் திறந்தான். உள்ளே ஒரு கண்டன்சர் தலை பூரி மாதிரி உப்பியிருந்தது. "திருடன் மாட்டிக்கினாண்ணா" என்று அதை மாற்றினான். ஒரு மணி நேரம் ஓடியது, மறுபடி நின்றது. பக்கத்தில் ஒரு சின்ன ரெசிஸ்டர் கருகியிருந்ததை அப்போதுதான் பார்த்தான். அதற்குள் வேங்கிக்காலிலிருந்து ஆள் வந்துவிட்டது. சாயங்காலப் படத்துக்குள் டிவி சரியாகணுமாம். பிளக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, மூடியைத் திறந்தபடியே விட்டுவிட்டு, "நாளைக்கு வந்து பாக்கறேண்ணா" என்று சைக்கிளை எடுத்தான்.

பிளக்கைப் பிடுங்கினாலும் பெரிய கண்டன்சருக்குள் ஆளைத் தூக்கியடிக்கிற கரண்ட் தங்கியிருக்கும். அந்தச் சின்ன ரெசிஸ்டர்தான் அதை மெல்ல வடிக்கும். அது கருகியிருந்தால் நாம்தான் ஸ்க்ரூடிரைவர் வைத்து வடிக்க வேண்டும். தொழிலுக்கு வந்த முதல் நாள் கற்றுக்கொண்ட பாடம். அவன் வடிக்கவில்லை.

இன்று காலை ஒன்பது மணிக்கு அண்ணன் அந்த மேசைக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்தார்.

பிணத்தைக் கிடத்த இடம் வேண்டுமென்று அந்தக் கம்ப்யூட்டர் பெட்டியைப் பின்னறைக்குத் தூக்கி வந்தவன், அண்ணியின் தம்பி மூர்த்தி. இப்போது மணி பன்னிரண்டு. பன்னிரண்டுக்கே இந்த வெடி என்றால் ஒன்பதுக்கு எவ்வளவு இருந்திருக்கும்? அருணகிரிக்குக் கணக்கு தெரியும். போட்டுப் பார்க்கத்தான் தைரியம் இல்லை.

மூர்த்தி உள்ளே எட்டிப் பார்த்தான். "இன்னா மாமா, சாவு வூட்ல கூட ரிப்பேரா? வா, தண்ணி ஊத்தணும்."

"மூர்த்தி, அண்ணன் எப்பிடி... ஷாக்கு கீக்கு..."

"உனுக்கு இன்னா மூள கொழம்பிடிச்சா? எட்டு மணிக்கே லைன்ல வேல செய்றாங்கன்னு கரண்ட நிறுத்திட்டான். கரண்டே இல்லாம ஷாக்கு எங்கேர்ந்து வரும்? ரேடியோக்காரன் கேக்கற கேள்வியா இது?"

ஊரே அப்படித்தான் சொல்லும். அந்தத் தெருவில் அதை நம்ப முடியாத ஒரே ஆள் அவன்தான்.

குளிப்பாட்டும்போது அண்ணனின் வலது கையைத் தானே பிடித்துக்கொண்டான். ஷாக் அடித்திருந்தால் விரல் நுனியில் தீய்ந்த புள்ளி இருக்கும். பார்ப்பதற்குள் தாய்மாமன் விபூதியைக் குழைத்துக் கை முழுக்கப் பூசிவிட்டார். எது சாம்பல், எது கருகிய தோல் என்று தெரியவில்லை. இன்னும் ஒரு மணி நேரத்தில் சுடுகாடு. அப்புறம் கையும் இருக்காது, புள்ளியும் இருக்காது. யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்த எண்ணத்தில் ஒரு கணம் மனசு லேசானதே, அதுதான் அவனுக்கு எல்லாவற்றையும் விடப் பயமாக இருந்தது.

வெள்ளையம்மாளிடம் குனிந்து, "அண்ணன் எதனா தொட்டாரா பெரியம்மா?" என்றான்.

"அண்ணாமலையாரே தொட்டுக் கூப்ட்டாருடா" என்று அவள் மார்பில் அடித்துக்கொண்டாள்.

வாசலில் பாடை தயாராகிவிட்டது. சங்கு ஊதினார்கள். காலையிலிருந்து அண்ணியைச் சுற்றி இருந்த பெண்கள் வாய்க்கரிசி போட எழுந்தார்கள். ரேணுகாம்பாள் அண்ணி மட்டும் தலைமாட்டில் அசையாமல் இருந்தாள். அவன் பக்கத்தில் போய் மண்டியிட்டான்.

"அண்ணி. அவரு அந்தப் பொட்டிக்குள்ள கைய வுட்டாரா? நான் நேத்து வடிக்காம வுட்டுட்டேன். கரண்ட் இல்லன்னாலும் அது அடிக்கும். ஆளையே கொல்லும். மறைக்காம சொல்லுங்க."

அண்ணி அவனை நிமிர்ந்து பார்த்தாள். அழுது அழுது குரல் தேய்ந்திருந்தது.

"தொடல."

"நீங்க பாத்தீங்களா?"

"பக்கத்துலயே நின்னேன். படியில உக்காந்து கையாலயே ஒரு ஜாதகம் எழுதிக்கினு இருந்தாரு. நெஞ்சு அடைச்சாப்புல இருக்குதுன்னு உள்ள வந்தாரு. நாற்காலியப் புடிச்சாரு, அப்பிடியே சரிஞ்சிட்டாரு. மேச மேல கையே போவல. நீ கழட்டிப் போட்டத அவரு என்னிக்குத் தொட்டாரு? நீ சரி பண்ண ரேடியோவயே நான் போட்டு, எனுக்கு ஒண்ணும் ஆவலன்னு பாத்துட்டுத்தான் பக்கத்துல வருவாரு. காலைல கூட மூணு தரம் சொன்னாரு, தம்பி வந்து மூட்ற வரைக்கும் அந்தப் பக்கம் போவாத ரேணுன்னு."

அவன் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. சிரிப்பா என்று அவனுக்கே தெரியவில்லை.

"நெஜமா அண்ணி?"

"அவர முன்னால வச்சிக்கினு பொய் சொல்லுவனா? எழுந்திரு. தலப்பக்கம் நீ புடி."

அருணகிரி குனிந்து இரண்டு கைகளையும் அடியில் கொடுத்தான். தூக்கியபோது அண்ணனின் தலை மெல்லச் சரிந்து, அவன் முழங்கை மடிப்பில் வந்து சாய்ந்து நின்றது.