தராசில் வைத்த உப்பு

காய்ச்சல் போனது. போகிற போக்கில் மூக்கையும் நாக்கையும் கூடவே கூட்டிக்கொண்டு போய்விட்டது. ஒரு கப்பல் சமையல்காரருக்கு இதைவிட என்ன கேடு வேண்டும்? மாதக்கணக்கில் வீட்டிலேயே கிடந்தார்.

அவர் மனைவிக்கு உள்ளூர அது பிடித்திருந்தது. கல்யாணமான நாளிலிருந்து புருஷனை வழியனுப்பியே பழகியவள். இப்போது விடியற்காலையில் பக்கத்திலேயே குறட்டை கேட்கிறது. அடுத்தவர் கஷ்டத்தில் சுகம் காண்பது பாவம் என்று வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் கப்பல் கம்பெனிக்குப் பதில் சொல்லியாக வேண்டும். வருகிறாரா, இல்லையா? அதை முடிவு செய்ய அவர் பன்றிக்கறியைத் தேர்ந்தெடுத்தார். கூட வேலை பார்த்த ஜமைக்காக்காரர் கற்றுக்கொடுத்த பக்குவம். வெங்காயத்தாள், இஞ்சி, பூண்டு, தைம் இலை, தலையைக் கிறுகிறுக்க வைக்கும் மிளகாய், அப்புறம் ஜமைக்கா மிளகு. பெயர்தான் மிளகு, உடைத்தால் கிராம்பும் பட்டையும் ஜாதிக்காயும் சேர்ந்து மணக்கும். எல்லாவற்றையும் எலுமிச்சைச் சாறும் பழுப்புச் சர்க்கரையும் சேர்த்து அரைத்து, தோள்கறியைக் கீறித் தடவி, முந்தின ராத்திரி முழுக்க ஊறவைத்திருந்தார்.

சாப்பிட அவளுடைய அண்ணனைக் கூப்பிட்டிருந்தார். லிஃப்ட் மெக்கானிக். பட்டப்பெயர் கத்தரி, பேச்சு வெட்டு ஒன்று துண்டு இரண்டு.

"நீ எதை வச்சாலும் பிரமாதம்னுதான் சொல்லுவ. உங்கண்ணனுக்குப் பொய் வராது," என்றார் அவளிடம்.

அவளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அது நிஜம்தான். போன மாதம் உப்பே போடாத சூப்பை இரண்டு கிண்ணம் வாங்கிக் குடித்தவள் அவள்தானே!

காலையில் அவர் கறியைத் தட்டில் வைத்தார். உப்பு டப்பாவின் பக்கமே போகவில்லை. ஓவனைச் சூடேற்றிவிட்டுக் குளிக்கப் போனார். இன்றைக்கும் மறந்துவிட்டார் என்று அவளுக்குப் பதறியது. அண்ணன் வாயில் விழுந்து மனுஷன் நொறுங்கிப்போவாரே! ஒரு கைப்பிடி உப்பை அள்ளி மேலே தேய்த்து, ஃபாயிலால் மூடி, உள்ளே தள்ளினாள்.

சின்னச் சூட்டில் கறி வெந்துகொண்டே இருந்தது.

"வாசனை வருதா?"

"மாடி வீடு வரைக்கும் வருதுங்க." அது சத்தியம்.

பிற்பகலில் ஃபாயிலை எடுத்து, சூட்டைக் கூட்டி, ஓரம் கருக விட்டார். முள்கரண்டி பட்டதும் கறி இழை இழையாகப் பிரிந்தது. கத்தரி ஒரு வாய் மென்றார். தண்ணீர் குடித்தார். இன்னொரு வாய், மறுபடியும் தண்ணீர்.

"கரிக்குது மாப்பிள்ளை. மத்ததெல்லாம் நல்லாருக்கு. உப்புதான் வாயில வைக்க முடியல."

"தராசுல நிறுத்துத்தான் மச்சான் போட்டேன். நாக்கை நம்ப முடியலையேன்னு, நேத்து விழுது அரைக்கும்போதே போட்டுட்டேன்." தட்டைத் தள்ளி வைத்தார். "நிறுத்துப் போட்டும் தப்புதுன்னா இனிமே என்ன இருக்கு? நாளைக்கு வரலைன்னு சொல்லிடறேன்."

அவள் கையில் எடுத்த ரொட்டி அப்படியே நின்றது. சும்மா இருந்தால் போதும். பழம் நழுவிப் பாலில் விழுந்த கதைதான். புருஷன் இனி வீட்டோடுதான். அவரைப் பார்த்தாள். தோளைத் தொங்கப்போட்டு, தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த மனுஷனை வீட்டில் வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்?

"உப்பு நான் போட்டேங்க," என்றாள். "நீங்க குளிக்கப் போனப்ப. மறந்துட்டீங்களோன்னு நினைச்சு..."

கோபித்துக்கொள்வார் என்று காத்திருந்தாள்.

"எவ்வளவு?"

கையைக் குவித்துக் காட்டினாள். அவர் அந்தக் கையளவைக் கண்ணாலேயே எடைபோட்டார். பிறகு கத்தியை எடுத்து, கறியின் நடுவில், எலும்பை ஒட்டி, மேலுப்பு இறங்காத இடத்தில் ஒரு துண்டு வெட்டினார்.

"இதைச் சாப்பிடுங்க மச்சான்."

கத்தரி மென்றார். தண்ணீரைத் தொடவில்லை. தானே கத்தியை வாங்கி, அதே இடத்தில் இன்னொரு துண்டு வெட்டிக்கொண்டார்.

"கப்பல் என்னைக்கு மாப்பிள்ளை கிளம்புது?"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். காய்ச்சலுக்குப் பிறகு அந்தச் சிரிப்பை இன்றைக்குத்தான் கேட்கிறாள். அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.