ஜப்பான் சத்தம்

வாங்க வருகிறவன் பல்லைக் காட்டினால் விலை ஏறிவிடும். அதனால் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் மூஞ்சியை உர்ரென்று வைத்துக்கொள்வேன். என் பெயர் ஆதம். ஊர் கடையநல்லூர். துபாயில் பதினோரு வருஷம் இசைக்கருவிக் கடையில் வேலை பார்த்துவிட்டு வந்து, இப்போது பழைய ஜப்பான் எலெக்ட்ரிக் கிட்டார்களைத் தேடி வாங்கி விற்கிறேன். அறுபது எழுபதுகளில் ஜப்பானில் செய்து கப்பலேறியவை. ஒரு காலத்தில் மலிவுச் சரக்கு என்று ஒதுக்கியவர்களே இப்போது நாயாய் அலைகிறார்கள். எந்தக் கம்பெனி என்று மட்டும் கேட்காதீர்கள். இன்றைக்குச் சொன்னால் நாளைக்கே குருவிகுளம் வரைக்கும் விலையை ஏற்றிவிடுவார்கள்.

அன்று காலையில் புளியங்குடியில் கழுத்து முறிந்த கிட்டார் ஒன்று கிடைத்தது. உதிரி பாகத்துக்கு ஆகும் என்று கார் டிக்கியில் போட்டுக்கொண்டு சங்கரன்கோவில் வந்தேன். பிச்சையா அண்ணாச்சி வீட்டில் அதே கம்பெனி, அதே வகை, உடையாத கிட்டார் இருப்பதாகத் தகவல்.

தெருவில் வீட்டுக்கு வீடு தறி ஓடிக்கொண்டிருந்தது. அண்ணாச்சிக்கு அறுபதை நெருங்கும் வயசு. கச்சேரிக் குழுவில் கிட்டார் வாசிக்கிறவர். மனுஷன் வாய் மூட மாட்டார். நான் செருப்பைக் கழற்றும் முன்பே ஆரம்பித்துவிட்டார்.

"தூத்துக்குடில கப்பல்காரன் ஒருத்தன்ட்ட வாங்குனது பாய். எம்பத்தொம்பதுல. என்னா சத்தம்ங்கிய! கோயில் ஆடித்தபசுக் கச்சேரில மைக்கப் புடிச்சிச் சொல்லுவேன், இது என் வெரலு இல்லய்யா, ஜப்பான்காரன் கைவேலைன்னு."

"அப்புறம் எதுக்கு விக்கிய?"

சமையல்கட்டு வாசலில் அவர் மனைவி ஜெயசித்ரா அக்கா காப்பித் தம்ளரோடு நின்றார். அண்ணாச்சி அந்தப் பக்கம் கையை நீட்டினார்.

"அவளுக்குத்தான். ஒம்பது வருஷமா கூலிக்கு ஓட்டுத ரெண்டு தறியையும் மொதலாளி விக்கப் போறாரு. ஒரு லட்சம் குடுத்தா நமக்குத்தானாம். வெள்ளிக்கிழமைக்குள்ள குடுக்கலன்னா ராஜபாளையத்துக்காரன் லாரியில ஏத்திருவான். இத்தன வருஷம் இந்த வீட்டுல சோறு போட்டது அவ தறிதான். எனக்குக் கச்சேரிக்குச் சீனாக்காரன் கிட்டார் ஒண்ணு கெடக்கு, போதும்."

சொல்லும்போது சிரித்தார். கை மட்டும் கிட்டாரைச் சுற்றியிருந்த வேட்டியை அவிழ்க்காமல் தடவிக்கொண்டே இருந்தது.

அவிழ்த்ததும் எனக்கு உர்ரென்று இருக்க முடியவில்லை. சிவப்பு, ஓரத்தில் கறுப்பு. பெயிண்ட் தொடாதது. திருகாணி ஒவ்வொன்றையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஒன்றுகூட மாற்றியது கிடையாது. பின் தகட்டைத் திறந்து உள்ளே ஈயப் பற்றையும் பார்த்தேன். சுத்தம். அடுத்து முக்கியமானது பிக்கப். கம்பிகளுக்குக் கீழே தங்க நிறத் தகடு போட்டு உட்கார்ந்திருக்கும். உள்ளே ஒரு காந்தம், அதைச் சுற்றி முடியைவிட மெல்லிய செம்புக் கம்பி பல ஆயிரம் சுற்று. கிட்டார்க் கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புவது அதுதான். கிட்டாரின் விலையில் பாதி அதில் இருக்கிறது. அது அசலா இல்லையா என்று எல்லாரும் செம்புக் கம்பியின் மின்தடையை மீட்டர் வைத்துப் பார்ப்பார்கள். நான் வைக்க மாட்டேன். மீட்டர் வைக்கிறவன் கத்துக்குட்டி, என் காதே மீட்டர் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன்.

"வாசிங்க அண்ணாச்சி, கேப்போம்."

அக்கா பக்கத்து வீட்டில் போய்ச் சொன்னார். பத்து நிமிஷம் தறியை நிறுத்தினார்கள். அண்ணாச்சி, இருக்கிற இரண்டில் முன் பிக்கப்பில் வைத்து மெதுவாக ஒரு இழுப்பு இழுத்தார்.

அட என் ரப்பே! கட்டித் தயிர் மாதிரி ஒரு சத்தம். கனமாக இருந்தது, ஆனால் கலங்கவில்லை. எத்தனையோ ஜப்பான் கிட்டார் கேட்டிருக்கிறேன், இப்படி ஒன்று கேட்டதில்லை. என் கை மயிர் நட்டுக்கொண்டது, சத்தியமாக.

"மாஷா அல்லாஹ்! இதுதான் ஒரிஜினல். இத இன்னைக்கு எந்தக் கொம்பனும் செய்ய முடியாது. அம்பது வருஷத்துக்கு முந்தி, ஜப்பான்ல எவளோ ஒரு பொம்பள உக்காந்து சுத்திருக்கா பாருங்க. அவ வெரலுக்குத் தங்க மோதரம் போடணும்."

"நான் சொன்னேம்லா!" என்று அண்ணாச்சி தொடையைத் தட்டினார். அக்கா தம்ளரை வைத்துவிட்டுத் தரையைப் பார்த்தார். வெட்கப்படுகிறார் என்று நினைத்தேன், மடையன்.

பெங்களூர் லிங்கேஷுக்குப் போன் போட்டேன். அவன் சேகரிப்பவன். என் வாக்கை நம்பித் திறந்துகூடப் பார்க்காமல் வாங்குவான். "முழுக்க ஒரிஜினல், நான் பொறுப்பு" என்றேன். ஒரு லட்சத்து இருபதாயிரம் என்றான். அண்ணாச்சி பக்கம் திரும்பி, ஒரு லட்சம் என்று ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டினேன். அவர் கண்ணை மூடி, கோமதி அம்மன் கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டார்.

நான் பையிலிருந்து ரசீதுப் புத்தகத்தை எடுக்கும்போதுதான் அக்கா பேசினார்.

"பாய், ஒண்ணு சொல்லணும். முன்னால இருக்குத பிக்கப்பு ஜப்பான்ல சுத்துனது இல்ல. நான் சுத்துனது."

எனக்குப் புரியவில்லை. அண்ணாச்சிக்கும் புரியவில்லை. "ஏட்டி, என்ன சொல்லுத?" என்றார்.

"இருவது வருஷத்துக்கு முந்தி மழையில நனைஞ்சி இது செத்துப்போச்சில்லா. கச்சேரிக்கு நாலு நாளு இருந்துச்சி. வேற ஆள வச்சிக்கிடுதோம்னு குழுக்காரரு சொல்லிட்டாரு. நீங்க சாப்புடாம கெடந்திய. எந் தம்பி மதுரைக்குக் கொண்டு போயி ரிப்பேரு பாத்தான்னு சொன்னேன்லா. மதுரைக்கெல்லாம் போகல. கம்பி மட்டுந்தான் அங்கன இருந்து வந்துச்சி. தகட்டத் தூக்கி, அந்துபோன கம்பிய உருவிட்டு, தார் மிஷின்ல வச்சி நான்தான் சுத்துனேன்."

தார் மிஷின் என்றால் ஊடை நூலை, தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற சின்னக் குழலில் சுற்றும் எந்திரம். தறிக்காரர்கள் வீட்டில் எல்லாம் இருக்கும். அதில் போய்!

"அதுல வச்சா கம்பி அந்துருமே!" என்று கத்தினேன்.

"அந்துச்சி. ரெண்டு தடவ. பெறகு பெல்ட்டக் கழத்திட்டு, சக்கரத்தக் கையால உருட்டுனேன். கம்பிய வெரலுக்கு எடையில விட்டேன். நூலு எப்ப அறுக்கும்னு வெரலு சொல்லுமில்லா, அதே பதம்தான். அப்ப ஓட்டுன தறிக்கு ரெண்டு நாளு லீவு சொல்லிட்டேன். கம்பி மிச்சம் இருந்துச்சி, கொஞ்சம் கூடவே சுத்திட்டேன்."

கார் வரை ஓடிப்போய் மீட்டரை எடுத்துவந்து வைத்தேன். முள் தப்பான இடத்தில் போய் நின்றது. அசலுக்கு இருக்கவேண்டியதைவிட எக்கச்சக்கம். நான்தான் ஊரெல்லாம் காதே மீட்டர் என்று பீற்றிக்கொண்டவன். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த மீட்டரைச் சுவரில் எறிந்திருப்பேன்.

"ஏன்க்கா இப்ப சொன்னிய? வாய மூடிட்டு இருந்திருந்தா துட்டு வந்திருக்கும்லா? ரெண்டு தறியும் வந்திருக்கும்லா?"

"சேலையில ஒரு இழை விட்டுப்போனாகூட நாங்க சொல்லித்தான் குடுப்போம் பாய். பெங்களூருக்காரரு பாவம், ஜப்பான்னு நெனச்சில்லா வாங்குதாரு."

லிங்கேஷைக் கூப்பிட்டு உள்ளதைச் சொன்னேன். சுருள் மாற்றியது என்றால் அறுபதாயிரம்தான் என்றான். அவன் மேல் தப்பில்லை, சந்தை விலை அதுதான். அக்கா அலட்டிக்கொள்ளவே இல்லை. "அறுவதுன்னா அறுவது. ஒரு தறிய வாங்கிக்கிடுவோம்" என்று தம்ளரை எடுத்தார். அதில் நான் குடிக்காத காப்பி அப்படியே இருந்தது.

வாய் மூடாத பிச்சையா அண்ணாச்சி கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு அந்தத் தங்கத் தகட்டையே பார்த்தார்.

"எங்கிட்ட ஏன்ட்டி சொல்லல?"

"மதுரைக்காரன் பாத்தாம்னா நம்புவிய. நான் பாத்தேன்னா சத்தம் சரியில்லன்னுதான சொல்லிருப்பிய."

ஆமாம் என்பதுபோல் அவர் தலையை ஆட்டினார். எனக்கும் அந்த இடத்தில் இருக்கவே கூச்சமாக இருந்தது. அப்போதுதான் டிக்கியில் கிடந்த புளியங்குடிக் கிட்டார் நினைவுக்கு வந்தது. அதன் முன் பிக்கப் அசல். தனியாக விற்றால் இருபதாயிரம் தேறும் என்று வழியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டு வந்திருந்தேன். மூளை வேண்டாம் என்று சொல்லும் முன்பே வாய் சொல்லிவிட்டது.

"எங்கிட்ட அதே வருஷத்து பிக்கப் ஒண்ணு இருக்கு. மாத்திருவோம். லிங்கேஷ்கிட்டயும் சொல்லிருதேன்."

அவனிடம் சொன்னேன். அதே வருஷம், அதே கம்பெனி என்றால் சரி, பத்தாயிரம் குறைத்து ஒரு லட்சத்துப் பத்து என்றான். அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். "ரெண்டும் வந்துரும்லா பாய்?" என்று இரண்டு தடவை கேட்டார். வந்துரும்க்கா, வந்துரும் என்றேன்.

முக்கால் மணி நேரத்தில் மாற்றினேன். அக்காவின் சுருளைக் கையில் வைத்துத் திறந்து பார்த்தேன். துபாய் கடையில் பேர் போன ஆட்கள் சுற்றியதை எல்லாம் பார்த்திருக்கிறேன். ஒரு இழை துருத்தாமல், ஒரு இடம் புடைக்காமல் இப்படி ஒரு சுற்று நான் கண்டதில்லை. அக்கா இதை எந்தப் பள்ளிக்கூடத்திலும் படித்ததில்லை, படம் பார்த்துச் செய்ததில்லை. தறி பழக்கிய விரல் மட்டும்தான்.

"இப்ப வாசிங்க அண்ணாச்சி. இதுதான் அசல் ஜப்பான்."

வாசித்தார். பாதியிலேயே நிறுத்திவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"என்னவே இது, சளி புடிச்ச மாரி இருக்கு?"

மெலிந்த சத்தம். நல்ல சத்தம்தான், குறை சொல்ல முடியாது, லிங்கேஷ் கொண்டாடுவான். ஆனால் சற்று முன் என் மயிரை நட்டுக்கொள்ள வைத்தது இது இல்லை. "ஜப்பான்காரன் சத்தம் இதுதான் அண்ணாச்சி" என்று ஒப்புக்கொண்டேன்.

அவர் எழுந்துபோய் அந்தச் சீனாக் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தார். அக்கா சுற்றிய பிக்கப்பைக் காட்டி, "இதுல மாட்டிக் குடும்" என்றார். பிக்கப் மெல்லிசான வகை, குழி தோண்டாமல் மேலேயே இரண்டு திருகாணியில் நின்றுவிட்டது. பக்கத்து வீட்டில் தறி மறுபடி ஓட ஆரம்பித்திருந்தது. அண்ணாச்சி ஒரு இழுப்பு இழுத்ததும் அந்த இரைச்சலுக்குள்ளும் வந்தது, அதே கட்டித் தயிர். நாலாயிரம் ரூபாய்க் கிட்டாரில்! நான் சுபஹானல்லாஹ் என்று வாய்விட்டே சொன்னேன்.

அக்கா சமையல்கட்டுக்குள் போயிருந்தார். அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்றபடியே, குரலை மட்டும் வெளியே விட்டார்.

"சத்தம் சரியா இருக்கா?"

அண்ணாச்சி கம்பிகளின் மேல் உள்ளங்கையை வைத்து அமர்த்தினார். கண் நிறைந்திருந்தது.

"இருவது வருஷமா மைக்கப் புடிச்சிச் சொல்லிட்டுத்தானட்டி இருக்கேன்" என்றார்.