கேட்காமல் விட்ட கதவு

இழுவை வண்டியிலிருந்து அந்த வெள்ளைக் காரை இறக்கியதும் அப்பா முதலில் பார்த்தது டிரைவர் பக்கக் கதவைத்தான். பார்த்தவர் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். வெளித்தகடு கிழிந்து தொங்கியது. தகட்டுக்குப் பின்னால் குறுக்கே ஓடும் இரும்புக் கம்பி உள்ளே மடங்கி சீட்டில் குத்திக்கொண்டிருந்தது. கம்பியின் மேல் விரல் நீளத்துக்கு மஞ்சள் பெயிண்டில் ஒரு பெருக்கல் குறி.

அவர் போட்ட குறிதான்.

"எட்டு மாசந்தான் ஆவுது," என்றார், யாரையும் பார்க்காமல்.

மகள் ஆபீஸ் அறை வாசலிலேயே நின்றாள். ஆபீஸ் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. கண்ணாடித் தடுப்புக்குள் ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், எப்போதும் பேப்பர் சிக்கும் ஒரு பிரிண்டர். பட்டறையில் அவளுக்கு டிகிரி என்று பெயர். குடும்பத்தில் காலேஜ் படியேறிய முதல் ஆள் ஆயிற்றே, விடுவார்களா? "டிகிரி, கரண்டு போச்சு, படிச்ச படிப்புக்கு ஏதாச்சும் பண்ணு" என்பார் பெயிண்டர். அவளும் பதிலுக்கு வாய் கொடுப்பாள்.

மனசு ஒப்பாமல் செய்து கொடுக்கும் வேலையில்தான் அப்பா அந்தக் குறியைப் போடுவார். தகட்டை மூடுவதற்கு முன், கண்ணில் படாத இடத்தில். "பின்னால எவனாவது தொறந்தா, இது சரியில்லனு அவனுக்காவது தெரியட்டும்" என்பார். முன்பு வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ போட்டிருப்பார். இன்சூரன்ஸ் கம்பெனியின் பட்டியலில் பட்டறை ஏறிய பிறகு மஞ்சள் டப்பாவை மூடி வைப்பதே இல்லை.

பட்டியலில் ஏற்றியது அவள்தான். நாற்பது பக்க இங்கிலீஷ் படிவத்தை ஒரே மூச்சில் நிரப்பி அனுப்பினாள். அப்பா எதிர்க்கடை வரைக்கும் போய்ப் பெருமையடித்துவிட்டு வந்தார். அதன்பின் வண்டிகள் தேடிக்கொண்டு வந்தன. கூடவே உத்தரவும் வந்தது. எந்தக் கதவைத் தட்டி நிமிர்த்துவது, எதை மாற்றுவது, எத்தனை மணி நேரத்தில் முடிப்பது, பாகத்தை எந்தக் கடையில் எடுப்பது, எல்லாம் கம்பெனி சொல்லும். சுத்தியல் பிடிப்பது மட்டும் இவர்கள். எதிர்க்கடைச் சித்தப்பா இருபது வருஷமாக இவர்களுக்குப் பாகம் கொடுத்தவர். அவர் கடை பட்டியலில் இல்லை. இப்போது போன் கவர் விற்கிறார். "உங்கப்பன்கிட்ட சொல்லும்மா, பம்பருக்கும் கவர் வந்தா மொதல்ல அவனுக்குத்தான்னு" என்று அவர் சிரிக்கும்போது அவளுக்குத் தரையைப் பார்க்கத்தான் தோன்றும்.

பட்டியலில் இருக்கும் பட்டறைகளுக்கு மாதாமாதம் மார்க் உண்டு. குறைந்தால் பட்டியலிலிருந்து தூக்கிவிடுவார்கள். தொண்ணூற்றாறு வாங்கிய மாதம், "எம்பொண்ணு மார்க் வாங்காம இருந்ததே இல்ல" என்று அப்பா எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

இன்சூரன்ஸ் கம்பெனியின் சர்வேயர் மதியத்துக்கு முன்பே வந்து போட்டோ எடுத்தார். வண்டி தேறாது என்று எழுதிக்கொண்டார். பிறகு ஆபீஸுக்குள் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"மேடம், அந்தக் கதவ மட்டும் இன்னைக்கே கழட்டி பழைய இரும்புக்குப் போட்டுடுங்க. வண்டி ஓட்டுன அந்தம்மாவோட வீட்டுக்காரர் சாயங்காலம் சாமான் எடுக்க வராரு. எதுக்கு வம்பு?"

"அந்தம்மா எப்படி இருக்காங்க?"

"இடுப்பெலும்பு நொறுங்கிடுச்சாம். நர்ஸ் வேல. இனிமே நின்னு பாக்குற வேல கஷ்டந்தான்."

அவளுக்குப் பொறுக்கவில்லை. "போன தடவ புதுக் கதவு குடுத்திருந்தா இப்படி ஆயிருக்குமா சார்? கல் நெஞ்சா உங்களுக்கு?"

அவர் கோபப்படவில்லை. லேப்டாப்பைத் திறந்து அவள் பக்கம் திருப்பினார்.

"நாங்க எங்க வேணாம்னோம்? நீங்க கேக்கவே இல்லையே மேடம்."

திரையில் அவள் அனுப்பிய மதிப்பீடு இருந்தது. கதவு: நிமிர்த்தல். கீழே அவள் பெயர்.

அவளுக்கு எட்டு மாசத்துக்கு முந்தைய அந்த மத்தியானம் ஞாபகம் வந்தது. புதுக் கதவு என்றுதான் முதலில் அடித்தாள். வரி சிவப்பாக மாறியது. கம்பெனி நினைத்திருப்பதற்கு மேல் எதைக் கேட்டாலும் வரி சிவக்கும். கொடுத்தாலும் மறுத்தாலும், கேட்டதற்கே மார்க் குறையும். எப்படியும் தரமாட்டார்கள் என்று அந்த வரியை அழித்துவிட்டு நிமிர்த்தல் என்று போட்டாள். பச்சை வந்தது. அப்பாவிடம் போய், "வேணாம்னுட்டாங்கப்பா" என்றாள்.

"அந்தக் கம்பிய சூடு பண்ணா அதுல உயிர் இருக்காதும்மா. பாக்க நேரா இருக்கும், அவ்ளோதான். திரும்ப ஒருவாட்டி கேட்டுப் பாரேன்."

"கேட்டாச்சுப்பா."

எத்தனை வண்டிக்கு இப்படிச் சொல்லியிருக்கிறாள் என்று அவளுக்கே கணக்கில்லை. கம்பெனி ஒருமுறைகூட வாய் திறந்து வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு அவசியமே இல்லாமல் இவளைப் பழக்கி வைத்திருந்தது. வாங்கிய மார்க்கெல்லாம் இதற்குத்தான்.

"எனக்கும் மேல மார்க் போடுறாங்க மேடம்," என்று சொல்லிவிட்டு சர்வேயர் போய்விட்டார்.

கதவு கழற்றாமலே கிடந்தது.

வெயில் இறங்கும் நேரத்தில் நர்ஸின் கணவர் ஒரு துணிப்பையோடு ஆட்டோவில் வந்தார். சவரம் செய்து நாலு நாள் ஆகியிருக்கும். குடை, தண்ணீர் பாட்டில், பின்சீட்டில் பெட்டி பிரிக்காத ஒரு ஜோடி வெள்ளை ஷூ. ஷூவைப் பையில் போட்டார், வெளியே எடுத்தார், மறுபடியும் போட்டார். பிறகு கதவருகே வந்து நின்றார்.

"போன தடவ இந்தக் கதவு புதுசுதான போட்டீங்க? நல்லா இருக்குனு நான்தான் கையெழுத்துப் போட்டேன். அது என்னங்க மஞ்சளா?"

அப்பா வாயைத் திறந்தார். "அது வந்து தம்பி, கம்பெனில வேணாம்னு..."

"இல்லப்பா," என்றாள் அவள். "கம்பெனி சொல்லல. நான் கேக்கவே இல்ல."

பெயிண்டரின் மெஷின் நின்றது. அவள் நின்ற இடத்திலிருந்தே எல்லாவற்றையும் சொன்னாள். சிவப்பு வரி, மார்க், அழித்தது, அப்பாவிடம் சொன்ன பொய். அழுகை வந்தது, அழவில்லை. அழுதால் அந்த மனிதர் தன்னைத் தேற்ற வேண்டியிருக்குமோ என்று பயந்தாள்.

கணவர் திட்டவில்லை. "ஒரு வார்த்த எங்ககிட்ட சொல்லியிருந்தா, நாங்களே ஒரு கதவு வாங்கிக் குடுத்திருப்போமேம்மா," என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதற்குப் பதில் திட்டியிருந்தாலே தேவலை என்றிருந்தது அவளுக்கு.

அப்பா ஸ்பேனரை எடுத்து வந்து தானே கதவைக் கழற்றினார். யாரையும் உதவிக்கு விடவில்லை. சாக்கில் சுற்றி ஆட்டோவில் ஏற்றினார். "இது உங்ககிட்டயே இருக்கட்டும் தம்பி. குறி போட்டது நான். எங்க கூப்பிட்டாலும் வந்து சொல்றேன்." அவள் நடந்ததை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தாள். அந்தத் தாள் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தால் பட்டியலில் பட்டறை இருக்காது என்று இருவருக்கும் தெரியும்.

ஆட்டோ திரும்பியதும் அப்பா சொன்னார்: "நீ கேட்டன்னு நெனச்சுத்தான்மா கம்பிய சூடு பண்ணேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பாள். அவர் அப்படிச் சொல்லவில்லை.

மறுநாள் ஒரு நீலக் கார் வந்தது, முன்பக்கம் நசுங்கி. அவள் புதுப் பாகம் என்று அடித்தாள். வரி சிவந்தது. அழிக்காமல் அப்படியே அனுப்பினாள்.

"கேட்டியா?" அப்பா கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்றார்.

"கேட்டேன்ப்பா."

எப்போதும் அந்த ஒரு வார்த்தை போதும் அவருக்கு. இன்று கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். அவள் நாற்காலிக்குப் பின்னால் குனிந்து, தனக்கு ஓர் எழுத்தும் படிக்கத் தெரியாத அந்தத் திரையில், வரி சிவப்பாக இருக்கிறதா என்று தன் கண்ணால் பார்த்துவிட்டுப் போனார்.